கோடு போட்ட கால்

அத்தியாயம் 11

வியாழக்கிழமை மாலை கம்ப்யூட்டருக்குள்ளிருந்து கிளம்பிய புகையின் நாற்றம், மறுநாள் காலை குழல்வாய்மொழி குளித்துச் சேலை மாற்றிய பிறகும் அவளை விடவில்லை. மேலகரத்திலிருந்து தென்காசி போகும் பஸ்ஸில், சாரல் தெறித்த ஜன்னல் ஓரம் உட்கார்ந்தபோதும் அது மூக்கிலேயே இருந்தது.

வீட்டில் குழலி என்று அழைக்கப்படும் அவள், சுவாமி சன்னதித் தெருவில் ஒரு மாடியில் நடக்கும் கம்ப்யூட்டர் பயிற்சி நிலையத்தில் டீச்சர். அங்கே இருப்பது ஒரே கம்ப்யூட்டர். சென்னையில் ஒரு கம்பெனி பயன்படுத்திவிட்டுக் கழித்தது. படிப்பவர்கள் பதினோரு பெண்கள். நாளை சனிக்கிழமை காலை பத்து மணிக்குத் திருநெல்வேலியிலிருந்து பரீட்சை அதிகாரி வருகிறார். திரையில் எழுத்து வந்தால் பரீட்சை நடக்கும். வராவிட்டால் அடுத்த பரீட்சை எட்டு மாதம் கழித்துத்தான். எட்டு மாதம் காத்திருக்க எத்தனை வீட்டில் விடுவார்கள் என்று குழலி மனதுக்குள் எண்ணிப் பார்த்தாள். அவர்களில் ஒருத்தியான மெஹர் பானுவின் வாப்பா, "இந்தப் பரீட்சையோட சரி" என்று முதலிலேயே சொல்லித்தான் மகளை அனுப்பியிருந்தார்.

திரைக்குப் படம் அனுப்பும் கலர் கார்டு மூன்று வாரத்துக்கு முன் தானாகவே ஒரு மூலையில் கருகியது. அதைச் சரிசெய்து கொடுத்தவர் குழலியின் அண்ணன் குற்றாலிங்கம். அதே தெருவில் ரேடியோ, டி.வி. ரிப்பேர் கடை வைத்திருப்பவர். நேற்று மாலை கார்டைச் சொருகினார்கள். எழுத்து வந்தது. பெண்கள் கைதட்டினார்கள். இருபதாவது நிமிஷம் 'பட்' என்று ஒரு சத்தம். பிறகு புகை.

யார் செய்த தப்பு? அதுதான் யாருக்கும் விளங்கவில்லை.

விளங்காத விஷயத்தை உட்கார்ந்து பேசித் தெளியலாம். ஆனால் அண்ணனும் தங்கையும் பங்குனி மாதத்திலிருந்து பேசிக்கொள்வதில்லை. இலத்தூர் சம்பந்தத்துக்குக் குற்றாலிங்கம் தங்கையிடம் ஒரு வார்த்தை கேட்காமல் சரி என்று சொல்லிவிட்டார். கல்யாணத்துக்குப் பிறகு வேலைக்குப் போகக்கூடாது என்பது மாப்பிள்ளை வீட்டாரின் பேச்சு. குழலி முடியாது என்றாள். அன்று மூடிய வாய்தான் இருவருக்கும். ஒரே வீட்டில் இருந்துகொண்டு, ஒரே சட்டி ரசத்தை ஊற்றிச் சாப்பிட்டுக்கொண்டு, எல்லாப் பேச்சையும் குற்றாலிங்கத்தின் மனைவி உலகம்மை வழியாகவே நடத்தினார்கள்.

பாவம், உலகம்மை. அவள் இப்போது குழலிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, டிக்கெட்டைச் சுருட்டுவதும் பிரிப்பதுமாக இருந்தாள்.

"என்ன மதினி, டிக்கெட்டைத் தின்னுருவிய போல இருக்கு."

"குழலி, உங்கிட்ட ஒண்ணு சொல்லணும். உங்க அண்ணன்கிட்ட சொல்லிராத."

"நான் எப்ப அண்ணன்கிட்ட சொன்னேன்?"

அதுவும் சரிதான் என்று உலகம்மை தலையாட்டினாள். "கடையை விட்டு வெளிய போற சாமான் எதுவா இருந்தாலும் நான் திருநீறு தொட்டு வச்சுத்தான் அனுப்புவேன், உனக்குத் தெரியும்லா. அந்தக் கார்டுக்கும் வச்சேன். பரீட்சை விஷயமாச்சேன்னு கொஞ்சம் தாராளமாவே வச்சிட்டேன். அந்த மஞ்சக் கலர்ல பல்லு பல்லா இருக்குமே, அங்கன எல்லாம் கொட்டிச்சு. அதனாலதான் எரிஞ்சிருக்குமோ?"

குழலிக்குச் சிரிப்பு வந்தது. நேற்றிலிருந்து முதல் சிரிப்பு. "திருநீறு ஏற்கெனவே எரிஞ்சு முடிச்சது மதினி. அது எதுக்கு இன்னொண்ண எரிக்கப் போகுது?"

"அப்ப நான் இல்லையா?"

"நீங்க இல்ல. நானாத்தான் இருக்கும். நேத்து மழையில நனஞ்சு வந்து, கையைச் சரியாத் துடைக்காம அதைத் தொட்டுட்டேன்."

உலகம்மை அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். சொல்ல வேண்டிய இன்னொன்றும் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் குற்றாலம் போகிறோம், அருவியில் குளிக்கிறோம் என்று குழலியிடம் சொல்லியிருந்தார்கள். இலத்தூர்க்காரர்கள் அதே நாளில் குற்றாலநாதர் கோயிலுக்குப் பெண் பார்க்க வருகிறார்கள் என்பதைச் சொல்லவில்லை. "நேரம் பார்த்துச் சொல்லிக்கலாம், நீ வாயைத் திறக்காத" என்று குற்றாலிங்கம் சொல்லியிருந்தார். அந்த நேரம் எப்போது வரும் என்று உலகம்மைக்குத் தெரியவில்லை. பஸ் நின்றது. இறங்கினார்கள்.

பயிற்சி நிலையத்தின் முதலாளி சுந்தரபாண்டியன் மாடியில் காத்திருந்தார். குற்றாலிங்கமும் முன்பே வந்திருந்தார். கார்டு உள்ளே இருக்கையில் சுவிட்சைப் போட்டால் கம்ப்யூட்டருக்குள் இருக்கும் விசிறி ஒரு துள்ளுத் துள்ளிவிட்டு நின்றது. கார்டை உருவிவிட்டுப் போட்டால் விசிறி நன்றாகச் சுற்றியது. ஒரு நீளக் கூவலும் இரண்டு குட்டைக் கூவலும் கேட்டன.

"படம் அனுப்புத ஆளைக் காணோம்னு சொல்லுது," என்றாள் குழலி, உலகம்மையைப் பார்த்து. "மிஷின் நல்லா இருக்கு. கார்டுதான் கரண்டை முழுங்குது."

"அது நமக்கே தெரியுதுன்னு சொல்லு," என்றார் குற்றாலிங்கம், அதே உலகம்மையைப் பார்த்து.

சுந்தரபாண்டியன் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "அண்ணாச்சி, உங்க கைவேலைல எனக்குச் சந்தேகம் இல்ல. சொருகினது டீச்சர். சுவிட்சை அணைக்காம சொருகினாங்களோ என்னமோ. சாயங்காலம் ஆறு மணி வரைக்கும் பாப்பேன். அதுக்கு மேல திருநெல்வேலிக்கு ட்ரங்கால் போட்டு, வராண்டாம்னு சொல்லிருவேன். பொறவு வேற டீச்சர் பாக்கணுமான்னும் யோசிக்கணும்."

குழலி சுவிட்சைத் திரும்பிப் பார்த்தாள். சுவிட்சை அணைத்துவிட்டுத்தான் சொருகினாள். அணைத்தோமா? அணைத்தோம். அப்படித்தான் நினைவு. ஆனால் நேற்று இரவெல்லாம் அதையே நினைத்து நினைத்து, இப்போது அந்த நினைவின் மேலேயே அவளுக்கு நம்பிக்கை போய்விட்டிருந்தது.

கடை மேஜையில் தினசரித் தாளை விரித்துக் கார்டை அதன் மேல் வைத்தார் குற்றாலிங்கம். பக்கத்தில் சாரல் சீசனுக்காகக் குற்றாலத்துக்குப் போக வேண்டிய இரண்டு ஆம்ப்ளிபயர்கள் வாய் பிளந்து கிடந்தன. அவற்றை ஓரமாகத் தள்ளிவிட்டார்.

கார்டின் ஒரு மூலையில் உள்ளங்கை அகலத்துக்குக் கரி. நடுவில், முன்பு ஆரஞ்சு நிறத்தில் துவரம்பருப்பு அளவில் இருந்த ஒரு சின்னக் கண்டன்சர், இப்போது இரண்டு கால்கள் மட்டும் நீட்டிக்கொண்டு நின்றது. பக்கத்தில் ஒரு ரெசிஸ்டர் தலை முதல் கால் வரை கறுத்திருந்தது.

குற்றாலிங்கம் மீட்டரை எடுத்தார். பன்னிரண்டு வோல்ட் வரும் வழிக்கும் எர்த்துக்கும் நடுவில் மீட்டரின் இரண்டு முனைகளை வைத்தார். ஊசி முழுதாகச் சாய்ந்தது. இரண்டும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன என்று அர்த்தம். எரிந்த கண்டன்சரின் மிச்சக் கால்களைச் சூடு காட்டிப் பிடுங்கிவிட்டு மறுபடி வைத்தார். ஊசி திரும்பி வந்தது.

"சில்லுக்கெல்லாம் அஞ்சு வோல்ட்டுதான். இந்தப் பாதையில அது கிடையாது," என்றார், யாருக்கும் இல்லாமல். "அதனால பொழச்சிருக்கும். பொழச்சிருக்கணும். ஆனா புது சாமான் எதுக்கு எரிஞ்சிச்சு? அதான் தெரியல."

மதுரையிலிருந்து பஸ்ஸில் இரண்டு கண்டன்சர் வந்திருந்தன. ஒன்று நேற்றுக் கரியானது. மீதி ஒன்று, காகிதத்தில் மடித்தது, அவர் சட்டைப் பையில் இருந்தது. அதுவும் போனால் திரும்ப மதுரைக்குச் சொல்லியனுப்பி வர இரண்டு நாள். அதே பையில், ஞாயிற்றுக்கிழமை வருவதாக இலத்தூர்க்காரர்கள் எழுதிய கடிதமும் இருந்தது.

"கரிஞ்ச ரெசிஸ்டர்ல கலர் வளையம் தெரியல. எவ்வளவு ஓம்னு எப்படிக் கண்டுபிடிக்கது?" என்று முனகினார்.

குழலி குனிந்து பார்த்தாள். "மதினி, அதே வரிசையில நாலு இருக்கு. சிவப்பு, பச்சை, நீலம், பிரகாசம் நாலுக்கும் நாலு. மத்த மூணும் ஒரே கலரா இருந்தா, இதுவும் அதேதான்னு சொல்லுங்க."

"ஏங்க, அதே வரிசையில நாலு..."

"கேட்டுச்சு," என்றார் குற்றாலிங்கம். கழுத்தை நீட்டிப் பார்த்தார். மூன்றும் ஒரே நிறம்தான். டப்பாவில் தேடி அதே போல் ஒன்றை எடுத்தார். முகத்தில் ஒரு திருப்தி வந்தது. வந்த வேகத்தில் அதை மறைத்துக்கொண்டார்.

"மூணும் ஒண்ணுதான்னு சொல்லு உலகு."

"அவளுக்கும் கேட்டுச்சுங்க," என்றாள் உலகம்மை களைப்பாக. "நான் இங்கன போஸ்ட் ஆபீஸா இருக்கேன். ஸ்டாம்ப் ஒண்ணுதான் குறைச்சல்."

கரியைத் துடைத்தால் அடியில் பாதை அறுந்திருக்கிறதா என்று தெரியும். ஆனால் வெறும் கண்ணுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. சாரலில் தெருவே மங்கலாக இருந்தது. குற்றாலிங்கம் மூக்கு கார்டில் முட்டும் அளவுக்குக் குனிந்து, கண்ணைக் கசக்கி நிமிர்ந்தார்.

குழலி எழுந்து பக்கத்துக் கடைக்குப் போனாள். அது மெஹர் பானுவின் வாப்பா நடத்தும் கைக்கடிகாரக் கடை. வெள்ளிக்கிழமை என்பதால் அவர் ஜும்மாவுக்குப் போயிருந்தார். அவருக்குச் சாப்பாடு கொண்டு வந்த அவர் மனைவி ஹைருன் பீவி தூக்குச்சட்டியை மடியில் வைத்துக்கொண்டு கடையில் இருந்தார்.

"அம்மா, கண்ணுல இடுக்கிக்கிட்டு வாட்ச் பாப்பாகள்லா, அந்தக் கண்ணாடி கொஞ்ச நேரம்..."

அவள் முடிப்பதற்குள் ஹைருன் பீவி மேஜை இழுப்பறையைத் திறந்து எடுத்துக் கொடுத்துவிட்டார்.

"கொஞ்ச நேரம் என்ன தாயி, வேலை முடியுத மட்டும் வச்சுக்க. அவுக வந்து கேட்டா நான் சொல்லிக்கிடுதேன். எம்புள்ள நேத்து ராத்திரி சோறே திங்கல. டீச்சர் அழுதாங்கம்மான்னு சொல்லிச்சு. பரீட்சை போச்சேன்னு ஒரு வார்த்தை சொல்லல."

குழலி கண்ணாடியை வாங்கிக்கொண்டாள்.

அதை இடுக்கிக்கொண்டு பார்த்தபோது கரிக்கு அடியில் வேறொரு ஊர் தெரிந்தது. மயிரிழை போல ஒரு பாதை நடுவில் வெந்து அறுந்திருந்தது. குற்றாலிங்கம் ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் துடைத்தார். வயரிலிருந்து ஒரே ஒரு இழையை உரித்து, அறுந்த இடத்தில் பாலமாக வைத்து ஈயம் தொட்டார். ரெசிஸ்டரை மாற்றினார். மணி நான்கு ஆகிவிட்டது. கடிகாரக் கடைக்காரர் தொழுகை முடிந்து வெகு நேரம் முன்பே வந்துவிட்டார். கண்ணாடியைக் கேட்டு ஒருவரும் வரவில்லை. குழலி எட்டிப் பார்த்தபோது, கீறல் விழுந்த ஒரு பழைய கண்ணாடியைக் கண்ணில் இடுக்கிக்கொண்டு, தலையைச் சாய்த்துச் சாய்த்து அவர் வேலை பார்த்துக்கொண்டிருந்தார்.

கோயிலில் நடை திறந்திருக்கும். வெள்ளிக்கிழமை. "உலகம்மனை ஒரு எட்டுப் பாத்துட்டு வந்திருதேன்," என்று உலகம்மை குடையை விரித்துக்கொண்டு கிளம்பினாள். தன் பெயர்க்காரியிடம் கேட்டால் மறுக்க மாட்டாள் என்பது அவள் நம்பிக்கை.

கடையில் அண்ணனும் தங்கையும் மட்டும்.

குற்றாலிங்கம் சட்டைப் பையிலிருந்து காகித மடிப்பை எடுத்தார். கூடவே வந்த கடிதத்தைச் சட்டென்று உள்ளே தள்ளினார். மடிப்பிலிருந்த கடைசிக் கண்டன்சரைத் தாளின் மேல் வைத்துவிட்டு, சால்டரிங் அயர்னின் நுனியை ஈரத்துணியில் துடைத்தார்.

குழலி சும்மாதான் கண்ணாடியை அதன் மேல் காட்டினாள். ஆரஞ்சுப் பருப்பு பூசணிக்காய் அளவுக்குத் தெரிந்தது. ஒரு காலுக்கு மேலே நேராக ஒரு கோடு. கோட்டுக்குப் பக்கத்தில் ஒரு குறி.

அது கூட்டல் குறி.

அவளுக்குக் குழப்பமாக இருந்தது. மேஜையில் கிடந்த ஆம்ப்ளிபயரின் பெரிய கண்டன்சரைப் பார்த்தாள். அதிலும் கோடு இருந்தது. அந்தக் கோட்டில் இருந்ததோ கழித்தல் குறி. மறுபடி சின்னதைப் பார்த்தாள். கூட்டல்தான். பெரியதில் கோடு போட்ட கால் மைனஸ். சின்னதில் கோடு போட்ட கால் பிளஸ். இப்படியும் செய்வார்களா? கார்டைப் பார்த்தாள். துடைத்த இடத்தில், இரண்டு ஓட்டைகளில் ஒன்றுக்குப் பக்கத்தில் வெள்ளை மையில் ஒரு கூட்டல் குறி மங்கலாகத் தெரிந்தது. முதல் தடவை எரிந்தபோது படிந்த கரி இதுவரை அதை மூடியிருக்கிறது.

அதற்குள் குற்றாலிங்கம் கண்டன்சரை எடுத்துக் கால்களை ஓட்டையில் இறக்கிவிட்டார். இருபது வருஷப் பழக்கம். கை தானாகவே கோடு போட்ட காலை மைனஸ் பக்கம் வைத்தது. அயர்ன் நுனி அதை நோக்கி வந்தது.

"மதினி," என்றாள் குழலி.

மதினி உலகம்மன் சன்னதியில் இருந்தாள்.

"அண்ணே, வைக்காதீங்க."

அயர்ன் நின்றது. குற்றாலிங்கம் நிமிரவில்லை. நாலு மாதமாகக் கேட்காத சத்தம் அது.

"உலகு, இவகிட்ட..." என்று ஆரம்பித்துத் திரும்பிப் பார்த்தார். உலகு உட்கார்ந்திருந்த முக்காலி காலியாக இருந்தது. அவர் சற்று நேரம் அந்த முக்காலியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெல்ல, "என்ன?" என்றார்.

"கோடு இருக்க பக்கம் பிளஸ் போட்டிருக்கு."

"கோடு மைனஸுட்டி. இது சின்னப்புள்ளைக்கும் தெரியும்."

"பெருசுல அப்படித்தான். இதுல மாத்திப் போட்டிருக்கான். எனக்கும் புரியல. நீங்களே பாருங்க."

கண்ணாடியை நீட்டினாள். அவர் வாங்கிக் கண்ணில் இடுக்கினார். கண்டன்சரைப் பார்த்தார். கார்டைப் பார்த்தார். மறுபடியும் கண்டன்சரைப் பார்த்தார். வெளியே ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு கடந்து போனது. அவர் அயர்னை ஸ்டாண்டில் வைத்தார்.

"நேத்து எரிஞ்சதும் நான் மாத்தி வச்சதாலதான்," என்றார்.

குழலி கார்டை அவர் பக்கம் திருப்பி வைத்தாள்.

"காலையிலேருந்து நீ சுவிட்சை அணைக்காம சொருகியிருப்பேன்னே நெனச்சுக்கிட்டு இருந்தேன். முதலாளி உன்னைச் சொன்னப்ப வாயை மூடிக்கிட்டு நின்னேன்."

"நான் ஈரக்கையோட தொட்டதால போச்சுன்னு நெனச்சேன். மதினி தன்னோட திருநீறுன்னு நெனச்சாக."

"திருநீறா?" குற்றாலிங்கத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தபடியே கண்டன்சரை உருவித் திருப்பிப் போட்டார். கோடு போட்ட கால் கூட்டல் குறி போட்ட ஓட்டையில் இறங்கியது. "பிடிச்சுக்க. ஆடாம."

தங்கை பிடித்துக்கொண்டாள். அண்ணன் ஈயம் வைத்தார்.

குங்குமமும் கையுமாகத் திரும்பி வந்த உலகம்மை, உள்ளே இரண்டு குரல் மாறி மாறிப் பேசுவதைக் கேட்டு வாசலிலேயே நின்றாள். குடையைத் தூக்கி மேலே போர்டைப் பார்த்தாள். நம் கடைதான்.

ஆறு மணிக்குக் கால் மணி இருக்கையில் மூவரும் மாடி ஏறினார்கள். பெண்களில் ஏழெட்டுப் பேர் அங்கே சுவரோரம் நின்றார்கள். மெஹர் பானு முன்னால் நின்றாள். சுந்தரபாண்டியன் டெலிபோன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

குற்றாலிங்கம் அவரிடம் நேராகப் போனார்.

"தப்பு என்னோடது. புது மாதிரிச் சாமானைப் பழைய பழக்கத்துல மாத்தி வச்சிட்டேன். டீச்சர் மேல ஒரு குத்தமும் இல்ல. கண்டுபிடிச்சதே அவதான். இந்தப் பிள்ளைக முன்னால சொல்லணும்னுதான் சொல்லுதேன்."

தன் தொழில் நடக்கும் தெருவில், பத்துப் பேர் காதுபட ஒருவர் இப்படிச் சொல்வது லேசான காரியமில்லை. சுந்தரபாண்டியன் எழுந்து நின்றார். "அண்ணாச்சி, அதுக்கென்ன... உக்காருங்க," என்று தன் நாற்காலியையே தள்ளிக் கொடுத்தார்.

குழலி கையை முந்தானையில் துடைத்தாள். சுவிட்ச் அணைந்திருக்கிறது என்பதை மெஹர் பானுவையும் பார்க்கச் சொன்னாள். கார்டைச் சொருகினாள். சுவிட்சைப் போட்டாள்.

விசிறி சுற்றியது. ஒரே ஒரு குட்டைக் கூவல். திரையில் எழுத்துக்கள் வந்தன.

இன்று யாரும் கைதட்டவில்லை. நேற்றும் இப்படித்தான் வந்தது. எல்லோரும் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்கள். இருபது நிமிஷம்.

ஐந்து நிமிஷம் போயிற்று. பத்து. உலகம்மையின் உதடு அசைந்துகொண்டே இருந்தது. சுந்தரபாண்டியன் மூக்கை உறிஞ்சி உறிஞ்சிப் பார்த்தார். குழலி திரையில் சிவப்பு, பச்சை, நீலம் என்று ஒவ்வொரு நிறமாக வரவழைத்து, பிரகாசத்தையும் கூட்டிப் பார்த்தாள். நான்கும் சரியாக இருந்தன.

பதினெட்டாவது நிமிஷம், பயத்தை மறக்கத்தான் போலும், அவள் திரும்பிச் சிரித்தாள்.

"மதினி, ஞாயித்துக்கிழமை அஞ்சருவியில ஒரு மணி நேரமாவது நிக்கணும். இந்தப் புகை நாத்தம் அப்பதான் போகும். அண்ணே, நீங்களும் வாறியள்லா?"

உலகம்மை கணவரைப் பார்த்தாள். குற்றாலிங்கத்தின் கை சட்டைப் பையின் மேல் போயிற்று.

இருபது. இருபத்தொன்று. இருபத்திரண்டு. சத்தம் இல்லை, புகை இல்லை. மெஹர் பானு மூச்சை விட்டாள். அப்புறம்தான் எல்லோரும் ஒரேயடியாகப் பேச ஆரம்பித்தார்கள். சுந்தரபாண்டியன் டெலிபோனை விட்டு நகர்ந்து, காப்பி சொல்லக் கீழே இறங்கினார். பெண்களும் சத்தமாக அவர் பின்னால் படி இறங்கினார்கள். மெஹர் பானு கடிகாரக் கண்ணாடியை வாப்பாவிடம் கொடுக்க எடுத்துக்கொண்டு ஓடினாள்.

உலகம்மை குழலியின் பக்கம் ஒரு அடி வைத்தாள். "குழலி, ஞாயித்துக்கிழமை..."

"உலகு," என்றார் குற்றாலிங்கம். "நீ சொல்லாண்டாம். நானே சொல்லுதேன்."

அவர் நாற்காலியைத் தங்கைக்கு எதிரில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பையிலிருந்த கடிதத்தை எடுத்து முழங்காலில் வைத்தார். எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை. இன்று மதியம் வரை தெரிந்த எல்லாமே இப்போது தெரியாததாக இருந்தது.

"உன்னைக் கேக்காம இன்னொண்ணும் செஞ்சிருக்கேன்ட்டி. ஞாயித்துக்கிழமை நாம குளிக்க மட்டும் போகல."

குழலியின் கை இன்னும் விசைப்பலகை மேல்தான் இருந்தது. முகத்தில் சிரிப்பு கூட முழுதாக இறங்கவில்லை. கடிதத்தின் மேல் எழுதியிருந்த இலத்தூர் முகவரியை மட்டும் அவள் பார்த்துவிட்டாள்.

"வேற எதுக்குப் போறோம், அண்ணே?"